பெரிய வெள்ளியில் ஒரு டம்ளர் வெல்லத் தண்ணீர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். உட்கார்ந்து நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். எழுதினால், இந்தச் சாமுவேலுக்கு இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை என்று பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பேசுவார்கள். அது பொய்யும் இல்லை. அதனால்தான் கை வரவில்லை.

போன மாதம் உங்களையெல்லாம் பார்க்க, நான் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த நம் லேபுக்கு வந்தேன் இல்லையா? அப்போது உங்களில் ஒரு பெண், "அங்கிள், சர்ச்சுல ஒருத்தர் வாயில பலவந்தமா சர்க்கரையத் திணிச்சு அவர் உபவாசத்த உடைச்சீங்களாமே, நிஜமா?" என்று கேட்டது. பக்கத்தில் இருந்த பையன், "சும்னே இரு, பேசாத. அங்கிள்தான் அந்த மனுஷன் உயிரக் காப்பாத்தினார். அவர் மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்?" என்றான். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. வீட்டுக்கு வந்து ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரிடம் கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடு என்று மனதில் பட்டது.

அந்த மனுஷன் தேவராஜ். அவனிடமும் போய்க் கேட்டேன். உன் பேரைப் போட்டு எழுதட்டுமா என்றேன்.

"எழுதிக்கோ. ஆனா சர்க்கரைன்னு எழுதாத. வெல்லம்னு எழுது. லெந்து உபவாசத்துல நான் விட்டது சர்க்கரைய, வெல்லத்த இல்ல."

இன்றைக்கும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள் இப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் போகிறீர்கள். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்று போனே சொல்லிவிடுகிறது. நான் பஸ்ஸில் போய் ரத்தம் எடுத்தவன். பத்தாவதைத் தாண்டவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைக்கச் சேர்ந்து, அங்கேயே இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது ஒரு கன்னடக்கார அம்மா. குட்டையாக, கண்டிப்பாக இருப்பார். நரம்பைத் தேடி நான் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து தலையில் தட்டினார். "கை நோடோக் முன்ச்சே முக நோடப்பா" என்றார். கையைப் பார்க்கும் முன்னால் முகத்தைப் பார். ஊசியைப் பார்த்து மயங்கப் போகிறவனா, சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று பொய் சொல்கிறவனா, உண்மையிலேயே முடியாமல் இருக்கிறவனா, எல்லாம் முகத்தில் இருக்கும் என்பார். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இந்த வேலையில் நான் கண்ட இன்னொரு விஷயம், சுகர் உள்ளவர்கள் ரிப்போர்ட்டை மார்க் ஷீட் மாதிரி பார்ப்பது. வருஷமெல்லாம் பேக்கரியில் நின்று தின்பார்கள். டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் ராகிக் களியும் பாகற்காயுமாக இருப்பார்கள். ரத்தம் எடுக்கும்போதே, "பாஸாவேனா சார்?" என்று கேட்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நீங்கள் சிரிக்காதீர்கள். மார்க் என்று வந்துவிட்டால், பக்கத்து பெஞ்சுக்காரன் எவ்வளவு வாங்கினான் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

எங்கள் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேர். தேவராஜ் பீன்யாவில் ஒரு பாக்டரியில் மெஷின் ஓட்டி ரிட்டையர் ஆனவன். மோகன் மர்பி டவுனில் இருந்து வருவான், ஆட்டோக்காரன். நான். தினமும் காலையில் என் வேலை முடிந்ததும் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரி வாசலில் சேருவோம். மூவருக்கும் சுகர். மூவருக்கும் சர்க்கரை இல்லாத டீ. பேச்சு பூராவும் மாத்திரை, பிபி, முழங்கால், தூக்கம் வராதது, பிள்ளைகள் போனைக் கீழே வைக்காதது.

"வெந்தயம் ஊறவெச்சு குடிச்சா சுகர் ஓடிப்போயிடும்னு வாட்ஸப்புல வந்துச்சுடா" என்பான் மோகன்.

"எங்க ஓடும்? உன் ஆட்டோவுலயா?" என்பான் தேவராஜ்.

"என் ஆட்டோவுல ஏறினா மீட்டர் போட்டுதான் இறக்குவேன். சாமு, நீ சொல்லு. நீதான டாக்டரு."

டாக்டர் என்று அவன் விளையாட்டுக்குச் சொல்வான். எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். அதை ஒத்துக்கொள்கிறேன். சர்ச் வாசலிலும் அப்படித்தான். ஆராதனை முடிந்து வந்தால் நாலு பேராவது ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனாலும் என்னிடம் காட்டுகிறார்களே என்று ஒரு சந்தோஷம்.

தேவராஜின் மகன் அவனுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான். எத்தனை அடி நடந்தாய், எப்படித் தூங்கினாய் என்று காட்டும் வாட்ச். அன்றிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். பேக்கரிக்கு வரும்போதே மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு வருவான். அரிசியை விட்டான், சிறுதானியத்துக்குப் போனான். அடுத்த டெஸ்ட்டில் அவனுக்கு நன்றாகக் குறைந்திருந்தது. எனக்கு ஏறியிருந்தது. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறவனுக்கே சுகர் அடங்கவில்லை.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், எங்கள் லெந்து காலம் வந்தது. தேவராஜ் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பதாகவும், சர்க்கரையைத் தொடுவதில்லை என்றும் பொருத்தனை செய்துகொண்டான். பக்தியில்தான் ஆரம்பித்தான். அதை நான் சந்தேகப்படவில்லை. அவன் மனைவி எஸ்தருக்கு முந்தின வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு அந்த நன்றி. ஆனால் பாதியில் அதற்குள் மார்க்கும் நுழைந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்த மறுநாள் டெஸ்ட் எடுக்க வேண்டும், இதுவரை எங்கள் மூவரில் யாருமே வாங்காத அளவுக்குக் குறைய வேண்டும் என்று பேக்கரியில் சொன்னான்.

"உனக்கு என்னடா பந்தயமா? குதிரை ரேஸ் ஓடறியா?" என்றான் மோகன்.

"ஓடறவனுக்குத்தான் தெரியும். நிக்கறவனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

அவன் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னான். உபவாசத்தில் ஆண்டவர் தன் வியாதியை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்றான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். வாய் சொன்னது. அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் என்னிடம் ரிப்போர்ட் நீட்டுகிறவர்கள் தேவராஜைச் சுற்றி நின்றார்கள். "பிரதர், காலையில என்ன குடிக்கறீங்க? சாமை நல்லதா, தினை நல்லதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பை மாட்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஏசுவே, இந்த வயதில் எனக்கு இது எதற்கு என்று அழுதேன். அந்த எரிச்சல் போகவில்லை, பிள்ளைகளே. ஜெபித்தும் போகவில்லை.

லெந்தின் நடுவில் ஒரு காலை வேறு ஒரு டெஸ்ட்டுக்காக அவன் வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். பட்டையைக் கட்டக் கையைப் பிடித்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. பெங்களூர் காலைக் குளிரில் வியர்வை.

"தேவா, மாத்திரை போட்டியா?"

"போடாம?"

"சாப்பிடாம இருக்கறப்ப அந்த மாத்திரை போடக்கூடாதுடா. சுகர் ஒரேயடியா இறங்கிடும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளு. உபவாசத்துக்குத் தக்கபடி மாத்திக் குடுப்பார்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். "இறங்கத்தானடா போடறேன். எனக்குக் குறையறது உனக்குப் பொறுக்கல."

எஸ்தர் எனக்குக் கொண்டுவந்த காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். பிறகு அவனே கையை நீட்டினான். ரத்தத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது என்னை நானே கேட்டேன். அவன் முகத்தில் பார்த்தது நிஜமான வியர்வையா, இல்லை அவன் விழ வேண்டும் என்று என் கண் தேடியதா? இத்தனை வருஷ வேலையில் என் கண்ணை நான் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு பேக்கரியில் இரண்டு தடவை பேச்சை எடுத்தேன். இரண்டு தடவையும் அவன் வாட்சைப் பார்த்தபடி எழுந்து போனான். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் எரிச்சலில் சொல்வதாகத்தானே ஆகும்?

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் சர்ச்சில் மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை. ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். அநேகம் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள். முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள், பச்சைப்பயறும் வெல்லமும் வைத்து. மோகன் இந்து. சாமி கும்பிடுவது அல்சூர் முருகன் கோயிலில். ஆனால் வருஷா வருஷம் அந்தக் கஞ்சிக்கு மட்டும் தவறாமல் ஆட்டோவோடு வந்துவிடுவான். "கஞ்சி வரைக்கும் நானும் உங்க மதம்தான்" என்பான்.

நான் மாத்திரை போடுகிறவன் என்பதால் போதகரிடம் கேட்டுக்கொண்டு காலையில் மூன்று இட்லி சாப்பிட்டிருந்தேன். அது வேறு கூச்சமாக இருந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் தேவராஜ், வெள்ளைச் சட்டையில், நிமிர்ந்து.

ஐந்தாம் வார்த்தை நடந்துகொண்டிருந்தது. தாகத்தைப் பற்றிய வார்த்தை. தேவராஜின் தோள் குலுங்க ஆரம்பித்தது. என் பக்கத்தில் இருந்தவர், "ஆவியானவர் அவரோட பேசறார்" என்று மெல்லச் சொன்னார். முதலில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? நடிக்கிறான் என்று வந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று அழுகிறான். மறைக்காமல் எழுதுகிறேன், அதுதான் வந்தது.

அப்போது அவன் பாட்டுப் புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினான். கை புத்தகத்தைத் தாண்டிப் போனது. மறுபடி நீட்டினான். மறுபடியும் தாண்டிப் போனது. பக்கவாட்டில் திரும்பியபோது முகம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை. வியர்வைதான் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

என் கையில் பை இல்லை, சுகர் பார்க்கும் மீட்டர் இல்லை. விடுமுறை நாள். இருந்தது அந்த முகம் ஒன்றுதான். எழுந்து நடுவழியில் நடந்து போனால் முழுச் சபையும் பார்க்கும். என் கணக்கு தப்பாக இருந்தால், ஒரு மனிதனின் பொருத்தனையை அது நிறைவேறும் நேரத்தில் பொறாமையால் கெடுத்தவன் என்று சாகும் வரைக்கும் பேர். என் மனம் சுத்தமாகட்டும், பிறகு போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அவன் அங்கேயே சாய்ந்துவிடுவான். மனம் சுத்தமாகவில்லை. அப்படியே எழுந்து பந்தலுக்கு ஓடினேன்.

கஞ்சிப் பானையிடம் நின்ற அம்மாவிடம், "வெல்லம் குடுங்க, தண்ணியில கரைச்சு. சீக்கிரம்" என்றேன்.

"ஆராதனை முடியல அண்ணே. அதுக்குள்ளயா பசிக்குது?"

"எனக்கில்லம்மா!"

பக்கத்தில் நின்ற மோகன் என் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாவைத் தாண்டிக் கையை விட்டு வெல்லத்தை அள்ளினான். டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, விரலாலேயே கலக்கிக் கொடுத்தான். "யாரு, தேவாவா? நீ போ. நான் ஆட்டோவ கேட் கிட்ட போடறேன்."

உள்ளே போனேன். தேவராஜ் முன் மண்டியிட்டு டம்ளரை வாயருகே வைத்தேன். முழங்கையால் தள்ளினான். பாதி சட்டையில் கொட்டியது. நாக்குக் குழறியது. ஆனாலும் சபை முழுவதும் கேட்கும்படி சொன்னான்.

"போடா... எனக்குத் தெரியும்... உனக்குப் பொறுக்கல. நான் ஜெயிக்கறது உனக்குப் பொறுக்கல."

போதகர் நிறுத்திவிட்டார். அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லடா தேவா, உன் நல்லதுக்குத்தான்டா என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவனிடம் எடுபடாது என்று தெரிந்தது. பாதி பொய்யும்கூட.

"ஆமாடா," என்றேன். "பொறுக்கலதான். லெந்து பூரா பொறுக்கல. உன்னைப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சு கிடக்கறேன். போதுமா? இப்ப குடி."

அவன் என்னையே பார்த்தான். புரிந்ததோ புரியவில்லையோ. வாய் ஒரு பக்கம் கோணிச் சிரிக்கிற மாதிரி இருந்தது. எஸ்தர் பெண்கள் வரிசையிலிருந்து ஓடி வந்து அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள். "குடிங்க. சாமு அண்ணன் சொல்றாங்க, குடிங்க" என்றாள். ஒரு வாய் விழுங்கினான். விழுங்க முடிகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுத்தேன். இதை மனதில் வையுங்கள். விழுங்க முடியாதவன் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

டம்ளர் காலியானபோது எஸ்தர் அழுதுகொண்டே சொன்னாள். "காலையில ரெண்டு மாத்திரையா போட்டாருண்ணே. திங்கட்கிழமை நீங்கதான ரத்தம் எடுக்க வருவீங்க? சாமு மூஞ்சி அந்த நம்பரப் பாக்கறப்ப எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே போட்டாரு."

காலி டம்ளரைக் கீழே வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் நல்லாத்தான் இருக்கேன். ஆராதனை நடக்கட்டும்" என்றான். சிலர், "விடுங்க சாமு, சரியாயிட்டாரு" என்றார்கள். நான் விடவில்லை. உள்ளே போன மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், மறுபடி இறங்கும். ஆள் எழுந்து பேசுகிறான் என்று நம்பி நீங்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மோகனும் நானும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் மோகன் பெங்களூர் ஆட்டோக்காரர்கள் மாதிரி 'குரு' போட்டுக் கத்திக்கொண்டே ஓட்டினான்: "ஏய் தேவா, தூங்காத குரு! உன் வாட்சு என்ன சொல்லுது, எத்தனை அடி நடந்த? இன்னிக்கு நீ நடக்கல, என் ஆட்டோதான் ஓடுது, மீட்டர் போட்டிருக்கேன்!"

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் மறுபடி இறங்கத்தான் செய்தது. அந்த எண்ணை நான் எழுதமாட்டேன். எழுதினால் அதையும் ஒரு மார்க்காகப் பார்ப்பீர்கள். குளுகோஸ் ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டது யார் சொல்லி என்று டாக்டர் அவனைத் திட்டினார். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

சில வாரம் கழித்து மறுபடி வீட்டு ஜெபக்கூட்டம். தேவராஜ் எழுந்து சாட்சி சொன்னான். மரணத்தின் வாசலில் இருந்து ஆண்டவர் தன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்றான். "அந்த நேரத்துல ஒரு கை எனக்கு வெல்லத் தண்ணி குடுத்துச்சு. அது ஆண்டவர் அனுப்பின கை" என்றான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். பேரைச் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பேக்கரியில் மோகனிடம் புலம்பினேன். "ஒரு கையாம். அந்தக் கைக்கு ஒரு பேர் கிடையாதாடா?"

"அட, உன் ஆண்டவர்கிட்டயே போட்டியா?" என்றான் மோகன். "வெல்லத்த அள்ளினது நானு. விரல விட்டுக் கலக்கினது நானு. நான் கேட்டனா?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் எரிந்தது. மகிமை முழுவதும் ஆண்டவருக்கே என்று நம்புகிறவன்தான் நான், இருந்தும் எரிந்தது. இன்றைக்கும் அவன் வாட்சைப் பார்த்தால் கொஞ்சம் எரிகிறது. நாங்கள் மூவரும் இன்றும் அதே வாசலில்தான் டீ குடிக்கிறோம். தேவராஜ் இப்போது டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் எடுப்பதில்லை. எடுக்கிற நாளில் எனக்குப் போன் செய்து, "போலீஸ்காரரே, டாக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு" என்பான்.

உங்களில் ஒருவர்தான் இப்போது அவன் வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போகிறீர்கள். பட்டையைக் கட்டும்போதெல்லாம், "சாமுவுக்கு இந்த தடவை எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்கிறானாமே. சொல்லாதீர்கள். ஒருவர் நம்பரை இன்னொருவருக்குச் சொல்வது நம் வேலையில் பாவம். ஆனால் எரிச்சல் எனக்கு மட்டும் இல்லை, அவனும் கேட்கிறான் என்று தெரிந்த அன்றைக்கு, ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கும் பிடிக்காத ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்காரும் நாள் வரும். உங்களைவிட நன்றாக இருக்கிறவராக இருக்கலாம், அவமானப்படுத்தியவராக இருக்கலாம். அன்றைக்கும் முகத்தைப் பாருங்கள். உங்கள் மனம் கோணலாக இருக்கும்போதும் கண் சரியாகப் பார்க்கும். முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். மனதை வீட்டுக்கு வந்து ஆண்டவரிடம் காட்டிக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்ற வேண்டாம். என்னை நல்லவனாக்க என் பொறாமையை எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால், மனதில் அது இருக்கிற பிள்ளை இது தனக்குச் சொன்னது இல்லை என்று எழுந்து போய்விடும். தேவராஜை வேஷக்காரன் ஆக்காதீர்கள், அவன் பக்தி நிஜம். மோகனின் விரலை விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, வெல்லத்தைச் சர்க்கரை என்று சொல்லிவிடாதீர்கள். அவன் காதுக்குப் போனால் என்னிடம்தான் சண்டைக்கு வருவான்.